துடிப்பு சீரானாலும் அசிட்ரோம் நிக்காது: எங்க அத்தையோட ஏஎஃப் கேஸ் முழுசா

ஏஎஃப்னு ஆஸ்பத்திரில சொல்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு வரிசையில்லாம தாறுமாறா போற நோய் பத்தி படிக்கிறப்பல்லாம் பிபி, சுகர், வயசு இதுங்களால வர்ற ஏஎஃப் பத்தித்தான் நிறைய இருக்கும். ஆனா நம்ம பக்கத்து ஜிஎச்ல கார்டியாலஜி ஓபி நடக்குற அன்னைக்கு போய் உக்காந்து பாருங்க, நாப்பது அம்பது வயசுப் பொம்பளைங்க, மஞ்சப் பைக்குள்ள பழைய எக்கோ ரிப்போர்ட்டெல்லாம் வச்சுக்கிட்டு, ஐஎன்ஆர் சீட்டை, ரத்தம் உறைய எவ்வளவு லேட்டாகுதுன்னு காட்டுற டெஸ்ட் நம்பர் அது, கையில புடிச்சுக்கிட்டு வரிசையில நிப்பாங்க. அதுல நிறையப் பேருக்கு சின்ன வயசுல வந்த வாதக்காய்ச்சல்தான் ஆரம்பம். எங்க அத்தையும் அந்த வரிசையில நிக்கிறவங்கதான். நான் பார்மசிஸ்ட், அத்தை ஃபைல் பல வருசமா என்கிட்டதான் இருக்கு, அவங்க சம்மதத்தோட இதை எழுதுறேன். பேரு, ஆஸ்பத்திரி எதுவும் போடல. படிக்கிறவங்க மனசுல ஒரு விஷயம் நிக்கணும்: பலூன் வைக்கலாம், ஷாக் குடுக்கலாம், வால்வே மாத்தலாம், துடிப்பு நேராகவும் செய்யலாம், ஆனா வாத வால்வால வந்த ஏஎஃப்ல ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற அசிட்ரோம் மாத்திரை மட்டும் நிக்காது.

அத்தைக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். பதினோரு வயசுல தொண்டை வலியோட காய்ச்சல், அது சரியாகி ரெண்டு மூணு வாரத்துல முழங்கால் வீங்கிருக்கு, அது வத்துறதுக்குள்ள கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. இப்படி ஒரு மூட்டுல இருந்து இன்னொரு மூட்டுக்கு தாவுறது வாதக்காய்ச்சலோட, அதாவது ருமாட்டிக் காய்ச்சலோட அடையாளம். தொண்டையில வர்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குற எதிர்ப்பே நம்ம இதய வால்வையும் சேர்த்துத் தாக்குது, மூட்டு வலி போயிடும், வால்வுல விழுந்த காயம் போகாது. 21 நாளைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசின்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அந்த ஊசி போட்டவங்களுக்குத் தெரியும், இடுப்புல அப்படி வலிக்கும், ரெண்டு நாள் நடக்க முடியாது. வயசுக்கு வந்ததும் வீட்டுல நிறுத்திட்டாங்க, பொண்ணுக்கு வியாதி இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா யாரு கட்டிக்குவான்னு ஒரு பயம். அந்தக் காலத்துல எத்தனையோ வீட்டுல இப்படித்தான் நடந்திருக்கு, இப்பவும் நடக்குது, அதை நினைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

அடுத்து 1994, ரெண்டாவது பிரசவம், ஏழாவது மாசம். படுத்தா மூச்சு முட்டுது, ராத்திரியெல்லாம் சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கிருக்காங்க, மாசமா இருக்கிறதால அப்படித்தான்னு எல்லாரும் சொல்லிருக்காங்க. மாசமா இருக்கப்ப உடம்புல ரத்தத்தோட அளவு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடும், வால்வு சுருங்கியிருந்தா அந்தக் கூடுதல் ரத்தம் கீழ இறங்க வழியில்லாம நுரையீரல்ல போய்த் தேங்கும், அதனாலதான் நம்ம ஊர்ல நிறையப் பொண்ணுங்களுக்கு வால்வு நோய் இருக்குன்னு முதல் தடவை தெரியுறதே பிரசவ வார்டுலதான். எக்கோ எடுத்தா மைட்ரல் வால்வு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்குறது, 0.9 சதுர சென்டிமீட்டர்தான் திறக்குது. நல்ல வால்வுன்னா 4ல இருந்து 6 வரைக்கும் திறக்கணும். மாத்திரையும் ரெஸ்ட்டுமா வச்சு பிரசவத்தைத் தாண்ட வச்சுட்டு, அடுத்த வருசம் சென்னைல பிடிஎம்சி பண்ணாங்க, நம்ம ஆளுங்க பலூன் ஆபரேஷன்னு சொல்றது. தொடையில இருக்குற ரத்தக்குழாய் வழியா போய், மேலறைங்களுக்கு நடுவுல இருக்குற தடுப்பைத் துளைச்சு, சுருங்கின வால்வுக்குள்ள பலூனை ஊதி, ஒட்டியிருக்குற ஓரத்தைப் பிரிச்சு விடுறது. ஜப்பான்ல கான்ஜி இனோவே 1982ல முதல் தடவை செஞ்சு காட்டினது, நெஞ்சைத் திறக்காமலே வால்வை விரிக்கலாம்ங்கிறது நம்மள மாதிரி நாட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அத்தைக்கு 1.8 வரைக்கும் திறந்துச்சு. பன்னண்டு வருசம் காட்டு வேலை, வீட்டு வேலை, ரெண்டு புள்ளைங்க வளர்ப்பு எல்லாம் அந்த 1.8ல ஓடுச்சு.

ஏஎஃப் வந்தது 2007ல. நெஞ்சுக்குள்ள என்னமோ பொரண்டு பொரண்டு படுக்குற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, படி ஏறினா மேல் மூச்சு வாங்குச்சு. கையைப் புடிச்சு நாடி பாத்தா வரிசையே இல்ல, ரெண்டு வேகமா, ஒண்ணு லேட்டா, ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியாம. மணிக்கட்டுல எண்ணினா 90தான் வருது, ஸ்டெத்தை நெஞ்சுல வச்சு எண்ணினா 130 வருது, சில துடிப்பு அவ்வளவு பலவீனமா இருக்கறதால கை வரைக்கும் எட்டவே இல்ல. வால்வு திரும்ப 1.3க்கு சுருங்கிடுச்சு. இடது மேலறை 5.2 சென்டிமீட்டருக்கு உப்பிருக்கு, 4க்குள்ள இருக்க வேண்டியது. வருசக்கணக்கா அழுத்தம் தாங்கித் தாங்கி அறை விரிஞ்சு, சுவரெல்லாம் தழும்பாகி, மின்சாரம் ஒரே பாதையில ஓடாம நூறு இடத்துல சுத்த ஆரம்பிக்குது, மேலறை சுருங்கி விரியாம சும்மா நடுங்கிக்கிட்டே இருக்கும், அதுதான் ஏஎஃப். நடுங்குற அறையில ரத்தம் தேங்கும், தேங்கினா உறையும். அமெரிக்காவுல ஃப்ரமிங்ஹாம் ஊர்ல பண்ண ஆய்வு 1978ல வந்தது, அதுல சாதாரண ஏஎஃப் இருந்தா பக்கவாதம் வர்ற வாய்ப்பு அஞ்சு மடங்குக்கு மேல, வாத வால்வோட சேர்ந்த ஏஎஃப் இருந்தா 17 மடங்குக்கு மேல. இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்குற தூரம்தான் அத்தையோட கதை.

திரும்ப பலூன் பண்ணலாம்னு முடிவு பண்ணி, அதுக்கு முன்னாடி உணவுக்குழாய் வழியா எக்கோ எடுத்தாங்க, டீஇஇன்னு சொல்லுவாங்க, தொண்டையை மரத்துப் போக வச்சுட்டு ட்யூபை முழுங்கச் சொல்றது. வெளியில இருந்து எடுக்குற எக்கோல தெரியாத மூலையெல்லாம் இதுல தெரியும். இடது மேலறையோட ஓரத்துல ஒரு சின்னப் பை மாதிரி இருக்கும், அதுக்குள்ள ரத்தக்கட்டி. அதோட பலூனைக் கொண்டு போனா கட்டி உடைஞ்சு நேரா மூளைக்குப் போயிடும், அதனால ஆபரேஷன் தள்ளிப்போச்சு. மூணு மாசம் அசிட்ரோம் குடுத்தாங்க. அசினோகுமரால்ங்கிற மருந்து, நம்ம ஊர்ல இதே வேலை செய்யுற வார்ஃபரினை விட இதுதான் அதிகம் ஓடுது. மூணு மாசம் கழிச்சு டீஇஇ எடுத்தா கட்டி கரைஞ்சு காணாமப் போயிருந்துச்சு. ரெண்டாவது பலூன், அதுக்கப்புறம் மயக்கத்துல வச்சு கார்டியோவெர்ஷன், அதாவது வெளியில இருந்து கரண்ட் ஷாக், 200 ஜூல். ஒரே ஷாக்குல ஈசிஜி நேராயிடுச்சு. வெளிய வந்த டாக்டர் மாமாகிட்ட ரிதம் வந்துருச்சுன்னு சொன்னப்ப மாமா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாங்க.

இங்கதான் இந்தக் கேஸோட முக்கியமான திருப்பம். ரிதம் நேரா நின்னது எட்டு மாசம். அத்தைக்கு உடம்பு லேசா இருந்துச்சு, மூச்சு வாங்கல, கோயில் படியெல்லாம் ஏறினாங்க. ஊர்ல ஒரு சொந்தக்காரங்க, நல்ல எண்ணத்துலதான், "துடிப்புதான் நேராயிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரையைத் திங்குற, உடம்பு வெளுத்துப் போகும்"னு சொல்லிருக்காங்க. ஐஎன்ஆர் பாக்க டவுனுக்குப் போய்ட்டு வர்ற பஸ் காசு, ஒரு நாள் கூலி, ரெண்டும் மிச்சமாகும்னு அத்தைக்கும் தோணிருக்கு. யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாங்க. ஒரு நாள் சாயங்காலம் மளிகைக் கடையில நின்னு அரைக்கிலோ துவரம்பருப்புன்னு கேக்கணும், வாயில வார்த்தையே வரல. வலது கையில இருந்த பை நழுவி விழுந்துருக்கு. கடைக்காரர் உக்கார வச்சு தண்ணி குடுத்து, கால் மணி நேரத்துல பேச்சு திரும்பிருச்சு, வீட்டுல பித்தம்னு சொல்லி இஞ்சிச் சாறு குடுக்கப் போனாங்க. அத்தை பொண்ணுதான் விடல, அன்னைக்கே ஆஸ்பத்திரி. சிடி ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, ஐஎன்ஆர் 1.2, அதாவது மாத்திரையே சாப்பிடாத ஆளுக்கு வர்ற நம்பர். ஈசிஜி எடுத்தா ஏஎஃப் திரும்ப வந்திருக்கு, எப்ப வந்துச்சுன்னு அத்தைக்கே தெரியல.

இதுக்குப் பேரு டிஐஏ, வந்துட்டுப் போன பக்கவாதம். இருபது நிமிசத்துல சரியாயிட்டா ஒண்ணுமில்லன்னு விடக் கூடாது, அடுத்து பெருசா வர்றதுக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை அது. பேச்சு குழறினாலோ வாய் கோணினாலோ ஒரு பக்கம் கை தொங்கினாலோ உடனே 108, பக்கவாதமா நின்னுட்டா கட்டி கரைக்கிற ஊசி போட நாலரை மணி நேரம்தான் இருக்கு.

மாத்திரை ஏன் தொடரணும்னா மூணு காரணம். ஷாக் குடுத்து துடிப்பு நேரான பின்னாடியும் மேலறை சில வாரம் மரத்துப் போய்த்தான் இருக்கும், ஈசிஜில ரிதம் வந்துரும், ஆனா சுருங்குற பலம் உடனே வராது, அதனாலதான் யாரா இருந்தாலும் ஷாக்குக்கு அப்புறம் குறைஞ்சது நாலு வாரம் கண்டிப்பா மாத்திரை. ரெண்டாவது, ஏஎஃப் சத்தமே இல்லாம திரும்ப வரும், 5.2 சென்டிமீட்டருக்கு விரிஞ்ச அறையில வராம இருந்தாத்தான் ஆச்சரியம். மூணாவதுதான் பெருசு, வால்வு இன்னும் சுருங்கித்தான் இருக்கு, ரத்தம் தேங்குற இடம் அப்படியேதான் இருக்கு. சாதாரண ஏஎஃப்காரங்களுக்கு வயசு, பிபி, சுகர்னு மார்க் போட்டு, மாத்திரை வேணுமா வேணாமான்னு பாப்பாங்க. வால்வு ஓரளவுக்கு மேல சுருங்கினவங்களுக்கு அந்த மார்க்கே கிடையாது, ஏஎஃப் வந்தா மாத்திரை உண்டு, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் திரும்ப ஷாக் குடுக்கல. டிஜாக்சின், மெட்டோப்ரோலால் ரெண்டையும் வச்சு வேகத்தை மட்டும் அடக்கி ஓட்டினாங்க. 2013க்குள்ள வால்வுல சுண்ணாம்பு ஏறி, சுருக்கத்தோட கசிவும் சேர்ந்து, நுரையீரல் பிரஷரும் கூடிடுச்சு. மூணாவது பலூனுக்கு வழியில்ல, ஓப்பன் ஹார்ட்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில ஆச்சு. மெட்டல் வால்வு, டிடிகே சித்ரா. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்ல பல வருசம் உழைச்சு உருவாக்கி 1990 டிசம்பர்ல முதல் ஆளுக்கு வச்ச வால்வு அது, வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் கை குடுத்திருக்கு. நெஞ்சைத் திறந்தப்பவே மேஸ் ஆபரேஷனும் பண்ணாங்க. 1987ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஜேம்ஸ் காக்ஸ் முதல்ல செஞ்சது, மேலறையில கோடு கோடா தழும்பு போட்டு மின்சாரம் கண்டபடி சுத்தாம வேலி கட்டுறது, அவர் கத்தியால வெட்டித் தைச்சதை இப்ப நிறைய இடத்துல ரேடியோ அலைச் சூட்டாலயே பண்றாங்க. கட்டி உண்டான அந்தச் சின்னப் பையையும் தைச்சு மூடிட்டாங்க. வீட்டுக்கு வந்து ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் அமைதியா இருந்தா அத்தை நெஞ்சுல இருந்து டிக் டிக்னு கேக்கும், மாமாவுக்கு முதல்ல தூக்கமே வரல, அப்புறம் அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும்னு சொல்லுவாங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் ரிதம் புடிச்சு வைக்க அமியோடரோன் ஆரம்பிச்சாங்க, இங்க மருந்துக்காரியா நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். அமியோடரோன் ரொம்ப உதவுற மருந்து, ஆனா தனியா வேலை செய்யாது, பக்கத்துல இருக்குற மருந்தையெல்லாம் தூக்கி விடும். அசிட்ரோமை உடம்பு கழிக்கிற வேகத்தைக் குறைக்கும், அதனால அதே டோஸ்ல ஐஎன்ஆர் ஏறிக்கிட்டே போகும், ஒரே நாள்ல ஏறாது, வாரக்கணக்குல ஏறும். டிஜாக்சின் அளவையும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்கும். அத்தைக்கு நாலாவது வாரம் பல் தேய்க்கிறப்ப ரத்தம், தொடையில காரணமே இல்லாம நீலமா கன்னிப் போச்சு, ஐஎன்ஆர் 6.1. ரெண்டு நாள் அசிட்ரோம் நிறுத்தி, டோஸை மூணுல ஒரு பங்கு குறைச்சு, டிஜாக்சினைப் பாதியாக்கினாங்க. எட்டு மாசம் கழிச்சு முகம் ஊதி, எப்பவும் அசதி, மலச்சிக்கல், டிஎஸ்எச் பாத்தா தைராய்டு மந்தமாயிருக்கு. அதுவும் அமியோடரோன்தான், அதுல அயோடின் நிறைய இருக்கு. மருந்தை நிறுத்தினா பழையபடி ஐஎன்ஆர் இறங்கும்னு நினைச்சா அதுவும் உடனே நடக்காது, உடம்பை விட்டுப் போக மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் அசிட்ரோமைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வரணும். ஆரம்பிக்கிறப்ப அடிக்கடி ஐஎன்ஆர் பாக்கணும்னு எல்லாருக்கும் தெரியுது, நிறுத்துறப்பவும் அதே மாதிரி பாக்கணும்ங்கிறது பல பேருக்குத் தெரியல.

2016ல ஒரு நாள் துடிப்பு 150ல போய் நின்னுடுச்சு, ஏஎஃப் மாதிரி கண்டபடி இல்ல, ஒரே சீரா 150. இது ஏட்ரியல் ஃப்ளட்டர், மேலறை 300 அடிக்கும், கீழ ரெண்டுக்கு ஒண்ணு மட்டும் இறங்கும். மேலறையில வெட்டு, தழும்பு பட்டவங்களுக்கு இது வர்றது உண்டு. வலது மேலறைப் பக்கம் சுத்துற வகைன்னு ஈசிஜில தெரிஞ்சதால கதீட்டர் அப்லேஷன் பண்ணாங்க, தொடை வழியா வயர் விட்டு, கரண்ட் சுத்துற பாதையில ஒரு கோடு சுட்டு விடுறது, அசிட்ரோமை நிறுத்தாமலே பண்ணாங்க.

நிறையப் பேரு கேக்குறாங்க, ஏஎஃப்க்கே அப்லேஷன் இருக்கே, ஏன் அத்தைக்குப் பண்ணலன்னு. ஏஎஃப் அப்லேஷன் வளர்ந்ததுக்குக் காரணம் 1998ல பிரான்ஸ்ல போர்டோ ஊர்ல மிஷெல் ஹைசகேர் குழு கண்டுபிடிச்சது, 45 பேரைப் பாத்ததுல ஏஎஃப்பைக் கிளப்புற பொறி பெரும்பாலும் நுரையீரல்ல இருந்து வர்ற ரத்தக்குழாயோட வாய்ல இருந்துச்சு. அந்த வாயைச் சுத்தி சுட்டுப் பிரிச்சா நிறையப் பேருக்கு ஏஎஃப் அடங்குது, வேற இதய நோய் இல்லாதவங்களுக்கு ரொம்ப நல்ல வைத்தியம், அவங்களுக்கும் சில சமயம் ரெண்டாவது தடவை பண்ண வேண்டியிருக்கும். ஆனா வாத நோய்ல மேலறை முழுக்கவே தழும்பு, அந்த வாயை மட்டும் பிரிச்சுப் போதாது. அதோட இடது பக்கத்துல மெட்டல் வால்வு இருக்கு, கதீட்டர் தவறி அதுக்குள்ள மாட்டினா வால்வு மூட முடியாமப் போய் உயிருக்கே ஆபத்தாயிடும். டாக்டர் இதை படம் போட்டு விளக்கினாங்க, அத்தை கேட்டுட்டு "வேணாம்னா வேணாம் சார், இருக்குறதை வச்சு ஓட்டிக்கிறேன்"னு சொல்லிட்டாங்க.

2020ல ஏஎஃப் திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை அப்படியே நின்னுடுச்சு. லாக்டவுன்ல பஸ் இல்ல, பக்கத்து டவுன் லேப்காரர் பைக்ல வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாரு, நம்பரை வாட்ஸப்ல டாக்டருக்கு அனுப்பினா டோஸ் எழுதி அனுப்புவாங்க. அந்த டாக்டருக்கு எங்க குடும்பம் கடமைப்பட்டிருக்கு.

இந்தப் புது மாத்திரை, ஐஎன்ஆர் பாக்க வேண்டாம்ங்கிறது, அதை மாத்திக்கலாமேன்னு சொல்றவங்க உண்டு. வாத வால்வு இல்லாத ஏஎஃப்ல அது நல்ல மாத்திரை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா மெட்டல் வால்வு வச்சவங்ககிட்ட டாபிகாட்ரான்ங்கிற புது மாத்திரையைக் குடுத்துப் பாத்த ஆய்வை, கட்டியும் ரத்தக்கசிவும் கூடினதால பாதியிலயே நிறுத்திட்டாங்க, 2013ல வெளியாச்சு. வால்வு மாத்தாத வாத நோய் ஏஎஃப்காரங்களுக்காவது ஆகுமான்னு பாக்க இன்விக்டஸ்னு ஒரு பெரிய ஆய்வு, 24 நாடு, 4500 பேருக்கு மேல, அதுல நூத்துக்கு எழுபது பேருக்கு மேல பொம்பளைங்க, சராசரி வயசு அம்பதுதான். 2022ல ரிசல்ட் வந்துச்சு, ரிவராக்ஸபான்ங்கிற புது மாத்திரை சாப்பிட்டவங்களை விட வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவங்கள்ல சாவு குறைவு. இந்த வியாதி ஏழை நாட்டு வியாதி, நம்ம ஆளுங்களை வச்சே பண்ண ஆய்வு, அதனால எனக்கு இதோட மதிப்பு ரொம்பப் பெருசு. வேற காரணத்துக்காகப் போன இடத்துல யாராச்சும் அசிட்ரோமை மாத்தி எழுதினா, மெட்டல் வால்வு இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, உங்க கார்டியாலஜி டாக்டர்கிட்ட கேக்காம மாத்தாதீங்க.

வீட்டுல எப்படி ஓடுதுன்னு சொல்றேன், ஏன்னா ஆஸ்பத்திரில இருந்த நாள் கொஞ்சம், மீதி முழுக்க வீட்டுலதான். அசிட்ரோம் சாயங்காலம் ஆறு மணி, டிவி பக்கத்துல டப்பா, போட்டதும் காலண்டர்ல டிக். இது சீக்கிரம் உடம்பை விட்டுப் போயிடுற மருந்து, ஒரு நாள் விட்டாலே நம்பர்ல தெரியும், விட்டுப் போச்சுன்னு அடுத்த நாள் ரெண்டு சேர்த்துப் போடவும் கூடாது. 1, 2, 3, 4 மில்லிகிராம்னு தனித்தனி அட்டையா வரும், அவசரத்துல மாறிடும், அதனால அட்டையை வெட்டாம மில்லி தெரியுற மாதிரி வாங்குங்க. அத்தைக்கு இருக்க வேண்டிய ஐஎன்ஆர் 2.5ல இருந்து 3.5, மைட்ரல் இடத்துல மெட்டல் வால்வு இருக்கறதால. வால்வு மாத்தாத ஏஎஃப்னா 2ல இருந்து 3. ஒரே லேப்ல பாக்குறது நல்லது, லேபுக்கு லேப் வித்தியாசம் வரும், நம்பர் மாறினது உடம்பாலயா லேபாலயான்னு குழம்ப வேண்டியதில்ல.

கீரை சாப்பிடக் கூடாதுன்னு யாரோ சொல்லி அத்தை ரெண்டு வருசம் கீரையைத் தொடல. அப்படி இல்ல. முருங்கைக்கீரை, பாலக்கீரைல வைட்டமின் கே இருக்கு, அது மாத்திரையோட வேலையைக் குறைக்கும், நிஜம்தான், ஆனா வாரா வாரம் ஒரே அளவு சாப்பிட்டா அதுக்கேத்த மாதிரி டோஸ் வச்சுக்கலாம். ஒரு மாசம் தொடாம இருந்துட்டு, ஆடி மாசம் கூழோட முருங்கைக்கீரைப் பொரியலை ஒரு வாரம் அள்ளிப் போட்டா அப்பதான் நம்பர் இறங்கும்.

உண்மையில கீரையை விட எனக்குப் பயம் ஊசிதான். மேல் வலின்னா நம்ம சனங்க ஊசி போட்டாத்தான் கேக்கும்னு நினைக்கிறாங்க. அசிட்ரோம்ல இருக்கவங்களுக்கு இடுப்புல வலி ஊசி போட்டா சதைக்குள்ள ரத்தம் கட்டி வீங்கிடும், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மருந்தை வாய்ல போட்டாலும் வயித்துல ரத்தம் கசியும். பாரசிட்டமால் கொஞ்ச நாளைக்குப் பரவாயில்ல. அத்தைக்கு இப்ப பென்சிலினையே ஊசியா போடாம மாத்திரையாத்தான் குடுக்குறாங்க. வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படைக்கு ஃப்ளூகோனசோல், இதெல்லாம் ஐஎன்ஆரைத் தூக்கும், என் கவுண்டர்ல அசிட்ரோம் சீட்டோட இது ரெண்டுல ஒண்ணைப் பாத்தா நான் டாக்டருக்கு ஒரு போன் போடாம குடுக்குறதில்ல. பல் புடுங்கணும்னா, ஒரு இடத்துல அஞ்சு நாள் அசிட்ரோமை நிறுத்திட்டு வாங்கன்னு சொன்னாங்க. நாங்க நிறுத்தல. கார்டியாலஜி டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, முந்தின நாள் ஐஎன்ஆர் பாத்து, ஒரு மணி நேரம் முன்னாடி அமாக்சிசிலின் 2 கிராம் போட்டு, வேற பல் டாக்டர் நிதானமா எடுத்து தையல் போட்டு, ரத்தம் நிக்க டிரானெக்சாமிக் அமிலத்துல நனைச்ச பஞ்சைக் கடிக்க வச்சாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல.

இப்ப அத்தைக்கு உக்காந்திருக்கப்ப துடிப்பு 84, ஏஎஃப் அப்படியேதான் இருக்கு. 110க்குள்ள இருந்தா போதும்னு டாக்டர் சொல்றாங்க. மாத்திரைக்கு அடங்காமப் போனா பேஸ்மேக்கர் வச்சுட்டு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்குற மின்சார வழியைச் சுட்டு அடைச்சுடலாம், வேகம் பேஸ்மேக்கர் கையில இருக்கும்னு வழி வச்சிருக்காங்க. அத்தைகிட்ட கேட்டேன். "வயரு, பொட்டின்னா வச்சுக்கலாம் தாயி, நெஞ்சைப் பொளக்குறது மட்டும் இனி வேணாம்"னாங்க. மேஸ் பண்ணப்ப பையை மூடியாச்சே, அசிட்ரோமைக் குறைக்கலாமான்னும் அத்தை ஒரு தடவை கேட்டாங்க, மெட்டல் வால்வு இருக்குற வரைக்கும் அது முடியாதுன்னு டாக்டர் சொல்லி, ஏன்னும் புரிய வச்சாங்க. கடைசி எக்கோல மெட்டல் வால்வு நல்லா வேலை செய்யுது, வலது பக்கம் டிரைகஸ்பிட் வால்வுல கசிவு கொஞ்சம் கூடியிருக்கு, இடது வால்வு மாத்தினவங்களுக்கு வருசம் போகப் போக வர்றதுதான். கால் வீக்கமும் எடையும் எழுதி வைக்கச் சொல்லிருக்காங்க, ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா போன் பண்ணணும். ஆறு மாசம் கழிச்சு அடுத்த எக்கோ, கசிவு இன்னும் கூடியிருந்தா யூரின் போற மாத்திரையோட டோஸை ஏத்துவாங்க.